கண்ணாடி ஏறாத துப்பாக்கி

1907ஆம் ஆண்டு குமாயுன் மலையில், சம்பாவத் ஊருக்கு அருகே ஒரு பெண்புலி சுட்டு வீழ்த்தப்பட்டது. நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட புலி. செத்துக் கிடந்த அதன் வாயைத் திறந்து பார்த்தார், அதைச் சுட்ட வேட்டைக்காரர் ஜிம் கார்பெட். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியில் முறிந்திருந்தது. கீழ்க் கோரைப்பல் எலும்பு வரைக்கும் உடைந்து போயிருந்தது. எப்போதோ பட்ட துப்பாக்கிக் காயம். தனக்குரிய இரையைக் கவ்விக் கொல்ல முடியாமல் போனதால்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்தக் குண்டைச் சுட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

வேட்டைத் துப்பாக்கிக்கு இரும்புக் குறியே போதுமா, கண்ணாடி வில்லைகள் கொண்ட ஸ்கோப் வேண்டுமா என்று வேட்டைக்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாதாடி வருகிறார்கள். விலை, எடை, பரம்பரைப் பழக்கம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். என்னைப் பொறுத்தவரை அந்த உடைந்த பற்களில் தொடங்காத விவாதம் வீண். ஒரு விலங்கைக் காயப்படுத்தித் தப்பவிடாமல், முதல் குண்டிலேயே முடித்துவிட எது கைகொடுக்கும்? கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதற்கு விடை தேட, சம்பாவத் புலியின் காரணமாகவே கார்பெட்டின் கைக்கு வந்த ஒரு துப்பாக்கியின் கதையைப் பின்தொடரலாம்.

அந்தப் புலியைக் கொன்றது அந்தத் துப்பாக்கி இல்லை. அன்று அவரிடம் இருந்தது .500 இரட்டைக்குழல் ரைஃபிளும் மூன்றே மூன்று தோட்டாக்களும். அவை தீர்ந்தபின், வேட்டைக்கு வந்திருந்த தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே சந்து விட்டுப்போயிருந்த துப்பாக்கி அது. புலியின் திறந்த வாயைப் பார்த்து அவர் சுட்ட குண்டு அதன் முன்னங்காலில்தான் பட்டது. முன்பே பட்டிருந்த காயங்களால் புலி செத்தது. பல நாள் பழகிய துப்பாக்கிக்கும் கையில் கிடைத்த துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு குண்டு காட்டிவிடுகிறது.

ஐக்கிய மாகாணத்தின் லெஃப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட், அந்த வேட்டைக்குப் பரிசாகக் கார்பெட்டுக்கு ஒரு ரைஃபிள் கொடுத்தார். லண்டன் ஜான் ரிக்பி கம்பெனி செய்த .275. பரிசின் காரணத்தைச் சொல்லும் வெள்ளித் தகடு ஒன்று அதன் மரக்கட்டையில் பதிக்கப்பட்டிருக்கிறது. ரிக்பி 1775இல் டப்ளினில் தொடங்கிய பழைய பட்டறை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் மௌசர் துப்பாக்கி இயக்கத்தைப் பிரிட்டனுக்குத் தருவித்து, அதன்மேல் தங்கள் குழலையும் கட்டையையும் பொருத்தி வேட்டை ரைஃபிள் செய்து விற்கத் தொடங்கினார்கள். .275 என்று அவர்கள் பெயரிட்ட தோட்டா உண்மையில் 1892இல் பிறந்த 7×57 மௌசர் தோட்டாவேதான். போயர் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதன் குறி தவறாமையை எதிர்ப்பக்கத்தில் நின்று அனுபவித்திருந்தார்கள். லேசான தோட்டா, தோளை அதிகம் உதைக்காது. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் இதே அளவுத் தோட்டாவால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். தோட்டாவின் பருமனைவிடப் படும் இடம் பெரிது என்று நம்பிய மனிதர். அந்தக் கொலைக்கணக்கை என்னால் மெச்ச முடியவில்லை. அவர் கற்ற பாடத்தை மறுக்கவும் முடியவில்லை.

இனி குறியைப் பார்ப்போம். இந்த வகை ரைஃபிளில் குழலின் நுனியில் ஒரு சின்ன மணி நிற்கும். குழலின் பின்பகுதியில், கண்ணுக்குப் பக்கமாக, நடுவே அகலமான பிளவு வெட்டிய குட்டையான பட்டை. பிளவின் பள்ளத்தில் மணியை உட்காரவைத்து, மணியை விலங்கின் தோளில் வைத்தால் குறி கூடிவிடும். சொல்ல எளிது. கண்ணுக்கோ அது ஒரே நேரத்தில் மூன்று வேலை. பிளவு ஒரு முழத்துக்குள், மணி அதைத் தாண்டி ஒரு கை தூரத்தில், விலங்கு ஐம்பதோ நூறோ கஜத்துக்கு அப்பால். மனிதக் கண் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் துல்லியமாகப் பார்க்கும். ஆகவே கற்றுக்கொடுப்பவர்கள் மணியைத் தெளிவாகப் பார், பிளவும் விலங்கும் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும் என்பார்கள். இளங்கண்கள் மூன்றுக்கும் இடையே மின்னல் போலத் தாவிச் சமாளித்துவிடும். நாற்பதைக் கடந்ததும் கண்ணுக்குள் இருக்கும் வில்லை விறைத்துப்போய், முதலில் பிளவு கரைகிறது. பிறகு மணிக்கும் விளிம்பு தெரியாமல் போகிறது. பத்திரிகையை எட்டிப் பிடித்துப் படிக்கும் வயது வந்துவிட்டால் இரும்புக் குறியும் அதே போல எட்டி நிற்கும்.

ஸ்கோப் இந்தத் தாவலை ஒழித்துவிடுகிறது. குழாயின் ஒரு முனையில் உள்ள வில்லை, விலங்கின் உருவத்தைக் குழாய்க்குள்ளேயே கொண்டுவந்து விழச்செய்கிறது. அதே தளத்தில் குறுக்குக் கம்பிகளைக் கட்டிவிடுகிறார்கள். கம்பியும் விலங்கும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றன. வயதான கண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. பெருக்கிக் காட்டுவது அதற்கு அடுத்ததுதான் என்பேன்.

ரிக்பியின் பட்டறையில் கார்பெட்டின் ரைஃபிள் உருவான காலத்தில் ஸ்கோப் புதிய பொருளும் இல்லை. அமெரிக்காவில் ஜான் சாப்மன் 1840களிலேயே குழாய்க் குறியைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். வில்லியம் மால்கம் 1855இல் நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் ஊரில் குழாய்களைச் செய்து விற்க ஆரம்பித்தார். அவை குழலின் நீளத்துக்கே நீண்டு கிடக்கும். வியன்னாவில் 1898இல் தொடங்கிய காலெஸ் கம்பெனியின் குட்டையான ஸ்கோப்புகள் மத்திய ஐரோப்பிய வேட்டைக்காரர்களிடம் பரவின. அந்திக்குப் பிறகு காட்டோரத்தில் மேயவரும் மானையும் பன்றியையும் மரமேடையில் காத்திருந்து சுடுவது அவர்கள் வழக்கம். அந்த வெளிச்சத்தில் இரும்பு மணி இருட்டோடு இருட்டாகிவிடும்.

ஆனாலும் மௌசரின்மேல் ஸ்கோப்பை ஏற்றுவது லேசான காரியமாக இருக்கவில்லை. அதன் தாழ்ப்பாள் கைப்பிடியை மேலே தூக்கித்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். தூக்கினால் மேலே இருக்கும் குழாயில் இடிக்கும். பின்னால் இருக்கும் பாதுகாப்புத் தாழும் கொடிபோல நிமிர்ந்து, அதே இடத்தை அடைத்துக்கொள்ளும். கைப்பிடியை வளைத்து, தாழை மாற்றி, உருக்கில் துளையிட்டு, கொக்கி கொக்கியாகக் கையால் ராவிப் பொருத்த வேண்டும். பொருத்திய பின்னும் ஓர் அடி பட்டால் குறி நகர்ந்துவிடும். குமாயுனில் மழைக்காலம் வந்தால் அந்த நாளைய குழாய்க்குள் ஈரம் புகுந்து, வில்லையின் உள்பக்கம் பனித்துவிடும். வெளியே துடைக்கலாம், உள்ளே எப்படித் துடைப்பது? மலைப்பாதையில் தனியாக, தோளில் துப்பாக்கியோடு ஒரு நாளைக்குப் பல மைல் நடப்பவர் நம்பக்கூடிய பொருளாக அது அப்போது இல்லை. கார்பெட்டின் .275 இரும்பு மணியோடும் பிளவோடும் வந்தது, அப்படியே இருந்தது.

அந்தக் குறி எங்கே கைவிட்டது என்பதை ருத்ரப்பிரயாகையில் பார்க்கலாம். கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் யாத்திரிகர்கள் போகும் வழியில் 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்ற ஆண்சிறுத்தை. அது இரவில்தான் வரும். ஒரு முறை, கொல்லப்பட்ட பெண்ணின் உடலுக்குப் பக்கத்தில் கார்பெட் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு, அக்ரூட் மரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் போருக்குள் உட்கார்ந்தார். சிறுத்தை நடுவே வந்தால் கல் மறையும். குறியைக் கண்ணால் பார்க்க முடியாத இருட்டில் கல்லை வைத்துக் குறியைத் தேடிய ராத்திரி அது. கடைசியில் அவர் சுட்ட குண்டு, சிறுத்தையின் கழுத்து மயிரை மட்டும் கத்தரித்துக்கொண்டு போனது. ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தால் காயம்பட்ட சிறுத்தையை அந்தப் பள்ளத்தாக்கு சுமக்க வேண்டியிருந்திருக்கும்.

1926 மே 2ஆம் தேதி இரவு, குலாப்ராயில் மாமரத்தின்மேல் அவர் காத்திருந்தபோது துப்பாக்கியோடு ஒரு டார்ச் கட்டப்பட்டிருந்தது. கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. பாதையில் ஏதோ பாய்ந்தோடும் சத்தம், ஆட்டு மணி கணகணவென்று ஆடியது, அவர் டார்ச்சை அழுத்தினார். வெளிச்சம் விழுந்த கணத்தில் மணியும் பிளவும் சிறுத்தையின் தோளும் தாமாகவே ஒரே கோட்டில் நின்றன. விசையை இழுத்தார், டார்ச் அணைந்துவிட்டது. அதன்பின் கும்மிருட்டு. பட்டதா இல்லையா என்று தெரியாமல் விடியும்வரை மரத்தில் இருந்தார். குண்டு தோளில் பாய்ந்து சிறுத்தை செத்திருந்தது. டார்ச் இன்னும் ஒரு நொடி முன்னால் அணைந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

அந்த ராத்திரிக்கு இன்றைய நல்ல ஸ்கோப் உதவியிருக்குமா? ஓரளவுக்குத்தான். ஸ்கோப்பின் முன்வில்லை 56 மில்லிமீட்டர், பெருக்கம் 8 மடங்கு என்றால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 56ஐ 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 7 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி விரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஜெர்மானியர்கள் பன்றி வேட்டைக்கு 8×56ஐ விரும்புவது இந்தக் கணக்கில்தான். நிலா வெளிச்சமும் அந்தி வெளிச்சமும் இருந்தால் அந்தக் கண்ணாடி அற்புதம் செய்யும். நிலாவே இல்லாத இமயமலைப் பள்ளத்தில் எந்த வில்லையும் இல்லாத ஒளியை உண்டாக்காது. டார்ச் வேண்டியதுதான்.

இரும்புக் குறியின் பக்கம் நின்று பேச வைக்கும் நாள் 1930 ஏப்ரல் 11. சௌகட் புலி 64 பேரைக் கொன்றிருந்தது. காலா ஆகர் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்த கார்பெட், இரவுப்பக்கி ஒன்றின் இரண்டு முட்டைகளைக் கண்டெடுத்து இடக்கையில் வைத்திருந்தார். பறவை முட்டை சேர்ப்பது அவருடைய பழக்கம். வலக்கையில் .275. ஒரு பெரிய பாறையைச் சுற்றிவந்து வலப்பக்கம் தலையைத் திருப்பினார். எட்டடி தூரத்தில் புலி படுத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி மார்புக்குக் குறுக்கே, குழல் புலிக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது. வேகமாகத் திருப்பினால் பாய்ந்துவிடும். ஒற்றைக் கையால், அசைவே தெரியாதபடி, குழலை முக்கால் வட்டம் சுழற்றினார். கை முழுதும் நீண்டு, ரைஃபிளின் பாரம் கையை இழுக்கத் தொடங்கிய நிலையில் குழல் புலியின் நேருக்கு வந்தது. சுட்டார். குண்டு முதுகெலும்பையும் நெஞ்சையும் பிளந்தது. பிறகு அந்த முட்டைகளைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தார்.

அந்தக் குண்டுக்கு அவர் பிளவையும் பார்க்கவில்லை, மணியையும் பார்க்கவில்லை. எட்டடியில் பார்க்க அவசியமும் இல்லை. அவர் கையில் கனமான .450/400 இரட்டைக்குழல் இருந்திருந்தால் ஒற்றைக் கையால் அப்படிச் சுழற்றியிருக்க முடியாது என்பது என் எண்ணம். அதே .275இன் முதுகில் அரைக்கிலோ கண்ணாடியும் உருக்குக் கொக்கிகளும் ஏறியிருந்தால்? நீண்ட கையில் அந்த அரைக்கிலோ எவ்வளவு கனக்கும் என்பதை, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் கையை நீட்டிப் பார்த்தவர்கள் உணர்வார்கள். பக்கத்தில் இருக்கும் விலங்குக்குப் பெருக்கம் கெடுதல். நாலு மடங்கு ஸ்கோப் வழியே எட்டடியில் பார்த்தால் மயிர் தெரியும், தலை எது வால் எது என்று தெரியாது.

இதே சௌகட் கதையில் கண்ணாடிக்காக ஏங்க வைக்கும் இடமும் இருக்கிறது. அங்கே தாயும் வளர்ந்த குட்டியுமாக இரண்டு பெண்புலிகள் இருந்தன. ஆட்களைக் கொன்றது தாய். 1929இல் இரண்டையும் சேர்ந்தாற்போல் பார்த்த கார்பெட், நிறம் வெளுத்திருந்ததைக் கிழப்புலி என்று எண்ணிச் சுட்டார். செத்தது குட்டி. அந்தப் பிழைக்கு அடுத்த ஓராண்டில் பதினைந்து உயிர்கள் விலையானதாக அவரே எழுதியிருக்கிறார். குறி அன்று பழுதில்லை, ஆளை அடையாளம் கண்டதில்தான் பழுது. கண்ணாடி தரும் மிகப் பெரிய நன்மை, சுடக்கூடாததைச் சுடாமல் தடுப்பது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வேலைக்குரியது பைனாகுலர். ஸ்கோப்பால் காட்டைத் துழாவுகிறவரின் துப்பாக்கிக் குழலும் கூடவே துழாவுகிறது. புதரை விலக்கிக்கொண்டு வருவது விறகு பொறுக்கும் பெண்ணாக இருந்தாலும் குழல் அவளைத்தான் பார்த்திருக்கும். அப்படித் துழாவுகிறவர் கையில் எந்தத் துப்பாக்கியும் இருக்கக் கூடாது.

கார்பெட்டின் கையில் .275 பழகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நிலைமை தலைகீழானது. 1930இல் பில் வீவர் என்ற இளைஞர், சாதாரணத் தொழிலாளி வாங்கக்கூடிய விலையில், 19 டாலருக்கு ஒரு ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். 1947இல் ஓரிகன் மாநிலத்து லூப்போல்ட் கம்பெனி குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றி, ஈரமில்லாத நைட்ரஜனை அடைத்து மூடியது. உள்ளே பனிக்கும் தொல்லை அத்தோடு ஒழிந்தது. மானைச் சுடப்போய் ஸ்கோப் பனித்துவிட்டதில் வெறுத்துப்போன மார்க்கஸ் லூப்போல்ட்டின் வேலை அது. வில்லைகளுக்கு மெல்லிய பூச்சு பூசி ஒளி எதிரொளித்து வீணாகாமல் தடுக்கும் முறையை 1935இல் ஜெர்மனியில் சைஸ் கம்பெனி கண்டுபிடித்திருந்தது. இவையெல்லாம் சேர்ந்தபின், திறந்த வெளியில் இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானை இரும்புக் குறியால் சுடுகிறேன் என்பது வீரமாக எனக்குப் படவில்லை. அந்தத் தூரத்தில் மணியே மானின் தோளை மூடிவிடும். எங்கே படும் என்று தெரியாமல் சுடுவது, சம்பாவத் புலியின் பல்லை உடைத்தவர் செய்த அதே காரியம். நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும் 100 மீட்டரில் ஐந்து குண்டுகளையும் 30 செண்டிமீட்டர் வட்டத்துக்குள் போட்டுக் காட்ட வேண்டும். எந்தக் குறியோடு வந்தாலும் சரி, போட்டுக் காட்டு என்கிற அந்தச் சட்டத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

வடக்கே இன்னும் தள்ளிப்போனால் இரும்புக்கு மறுபடி மவுசு. கனடாவின் வடமுனைப் பகுதிகளைக் காக்கும் ரேஞ்சர்கள், பலர் இனுயிட் வேட்டைக்காரர்கள், 1947 முதல் பழைய .303 லீ என்ஃபீல்டையே வைத்திருந்தார்கள். நம் ஊர்க் காவலர்கள் தோளிலும் பல காலம் தொங்கிய துப்பாக்கியின் உறவு அது. 2018 முதல் அவர்களுக்கு வழங்கப்பட்ட புதிய சி19 ரைஃபிளிலும் இரும்புக் குறியே வைத்தார்கள். மூச்சுக் காற்றே கண்ணாடியில் உறைந்துவிடும் குளிரில், பனிக்கரடி கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது ஸ்கோப் மூடியைக் கழற்ற நேரம் இருக்காது.

கார்பெட் தம் கடைசி ஆட்கொல்லியான தாக் புலியை 1938 நவம்பரில், 63 வயதில், இருள் கவியும் நேரத்தில் சுட்டார். அதற்கு .450/400ஐத்தான் எடுத்துப்போனார். அந்த வயதில் அந்த வெளிச்சத்தில் இரும்புக் குறி அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. புலியைப்போல் குரல்கொடுத்து, அதைத் தம் அருகிலேயே வரவழைத்துக்கொண்டவர் அவர். கண்ணால் எட்ட முடியாததைக் காட்டறிவால் குறுக்கினார். வில்லைகளை அவர் வெறுத்தவரும் அல்லர். எஃப். டபிள்யூ. சாம்பியனின் புலிப் படங்களைப் பார்த்த பிறகு சினிமா கேமராவை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், புலிகள் பயப்படாமல் வந்து நிற்கும் இடம் ஒன்றை மாதக்கணக்கில் தயார்செய்து படம்பிடித்தார்.

1947 நவம்பரில் அவர் இந்தியாவை விட்டுக் கென்யாவின் நையேரிக்குப் போனார். 1955இல் அங்கேயே காலமானார். குமாயுன் புலிகளைப் பற்றிய அவருடைய புத்தகத்தைத் தமிழில் தி. ஜ. ர. மொழிபெயர்த்திருக்கிறார். நம்மில் பலருக்கு அந்த .275 பழக்கமானது அதன் பக்கங்கள் வழியாகத்தான். துப்பாக்கியோ அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் வசம் போய்ச் சேர்ந்தது. ஒரு பதிப்பகம் புலி வேட்டைத் துப்பாக்கிக்குச் சொந்தக்காரராகப் பல பத்தாண்டுகள் இருந்தது. 2015இல் ரிக்பி கம்பெனி அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கார்பெட் வாழ்ந்த கிராமத்தாருக்குக் காட்டினார்கள். இதற்குள் அந்த மலைகளில் எல்லாம் மாறியிருந்தது. 1936இல் ஹெய்லி பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு கார்பெட்டின் பெயரைப் பெற்றது. 1973 ஏப்ரல் 1ஆம் தேதி புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையை மூடிவிட்டது. அந்த ரைஃபிளின் குறி எந்த விலங்கின்மேல் பழகியதோ, அந்த விலங்கைச் சுடுவது இன்று சிறைக்குரிய குற்றம். அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பழைய .275ஐ மனத்தில் வைத்து, 'ஹைலேண்ட் ஸ்டாக்கர்' என்ற பெயரில் ரிக்பி இப்போது புதிய மௌசர் ரைஃபிள் செய்கிறது. ஸ்காட்லாந்தின் குன்றுகளில் மான் தேடுகிறவர்களுக்கானது. முனையில் மணியும் பின்னால் பிளவும் கார்பெட்டின் துப்பாக்கியில் உள்ளதுபோலவே இருக்கின்றன. மேலே ஸ்கோப் கொக்கிகளுக்கும் இடம் இருக்கிறது. வாங்குகிறவர் இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். கொக்கியைத் தளர்த்தி ஸ்கோப்பைக் கழற்றினால் இரும்புக் குறி கீழே தயாராக இருக்கும். அப்படி வாங்குகிறவர் இரண்டு குறியிலும் தனித்தனியாகக் காகிதத்தில் சுட்டுப் பார்த்து, தன் கண்ணுக்கு எந்தக் குறி எத்தனை மீட்டர் வரை நம்பகமானது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணுக்கு ஒரு மீட்டர் அப்பால் நிற்கும் மானை விட்டுவிட வேண்டும்.